ஓடக்காரன் மனைவியின் பாட்டு

அவளுக்கு நகரசபையின் சுகாதாரப் பிரிவில் வேலை. சாப்பாட்டுக் கடைகளின் சமையலறைக்குள் சொல்லாமல் கொள்ளாமல் நுழைந்து, ஃபிரிட்ஜைத் திறந்து முகர்ந்து பார்க்கிற உத்தியோகம். இன்றைய இறைச்சிக்கு அடியில் போன வாரத்து இறைச்சி ஒளிந்திருந்தால் வாசலிலேயே அவளுக்குத் தெரிந்துவிடும். அலுவலகத்தில் முகத்துக்கு நேரே 'மேடம்', முதுகுக்குப் பின்னால் 'மூக்கு'. புழு நெளிகிற மாவு மூட்டையைப் பார்த்தாலும் முகம் சுளிக்க மாட்டாள். முகம் சுளித்தால் கடைக்காரன் உஷாராகிவிடுவான். "குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுங்க" என்று சிரித்தபடி கேட்பாள். கடைக்குப் பூட்டு அதற்கப்புறம்தான் வரும்.

அப்பேர்ப்பட்டவளுக்கே அன்று சாயங்காலம் வயிற்றைப் புரட்டியது. இத்தனைக்கும் அது சமையலறை இல்லை, அரங்கம். குளிரூட்டப்பட்ட கூடம், சிவப்பு வெல்வெட் நாற்காலிகள், மேடையில் இசை நாடகம். பாட்டுகளை எழுதியவன் அவளுடைய சொந்தத் தம்பி.

தம்பி அதுவரை மெத்தை விளம்பரங்களுக்குப் பாட்டு எழுதிக்கொண்டிருந்தவன். 'முதுகு சொல்லும் நன்றி' என்று ஒரு மெத்தைக்கு அவன் எழுதியதை ஊரே முணுமுணுத்தது. அந்தப் புகழை வைத்து யாரோ அவனைப் பிடித்து இந்த நாடகத்துக்குப் பாட்டு எழுத வைத்துவிட்டார்கள். ஒரு வாரத்துக்கு முன் போன் செய்தான்.

"அக்கா, மூணாவது வரிசை, நடு சீட்டு. மாமாவையும் கூட்டிட்டு வந்துடு. உனக்குப் பிடிச்ச நாவலாச்சே."

அங்கேதான் அவளுக்கு மூக்கில் வேர்த்தது. நாவல் அவளுக்குப் பிடித்ததுதான். படித்தவர்கள் எல்லோரும் படித்ததாகச் சொல்லிக்கொள்கிற, முக்கால்வாசிப் பேர் கால்வாசியிலேயே மூடி வைத்துவிட்ட ஆயிரம் பக்க நாவல் அது. ஆற்றில் ஓடம் விடுகிற ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறைக் கதை. கல்லூரியில் படிக்கும்போது ஒரு தடவை படித்தாள். முதல் குழந்தை பிறந்து இரண்டு நாளில் போன பிறகு இன்னொரு தடவை படித்தாள். இரண்டாவது தடவை அவள் தேடிப் போனது ஒரே ஓர் இடத்துக்காக.

நாவலின் நடுவே ஓடக்காரன் மனைவியின் கைக்குழந்தை காய்ச்சலில் இறந்துபோகும். ஆற்றைப் பற்றிப் பத்துப் பக்கம், ஓடத்துப் பாயைப் பற்றி எட்டுப் பக்கம் என்று அளந்து தள்ளுகிற அந்த எழுத்தாளர், அந்த இடத்தில் ஒரே வரி எழுதியிருப்பார். 'அதன்பின் மழைக்காலம் முடியும்வரை அவளைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.' அவ்வளவுதான். அடுத்த அத்தியாயத்தில் மாமனார் பழுதான துடுப்பைச் சீவிக்கொண்டிருப்பார். அந்த வரியைப் படித்தபோது, வாயை மூடிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டுப் போகத் தெரிந்த ஒரு மனிதராவது உலகத்தில் இருந்திருக்கிறாரே என்று அவளுக்கு ஆறுதலாக இருந்தது. வீட்டுக்கு வந்த உறவெல்லாம் அவளை உட்கார வைத்துத் துக்கம் கேட்டே கொன்றுகொண்டிருந்த நேரம் அது.

அவள் கணவரும் அந்த எழுத்தாளரின் ஜாதி என்றுதான் அவள் பன்னிரண்டு வருடமாக நம்பியிருந்தாள். அவர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, கற்றுக்கொள்கிறவர்கள் சுவரில் கொண்டுபோய் முட்டினாலும் "பரவாயில்ல, இன்னொரு தடவை பார்ப்போம்" என்கிற நிதானம். குழந்தை போனபோது ஆஸ்பத்திரிக் காரியம், அடக்கக் காரியம், உறவுகளுக்குப் போன் எல்லாம் அவரே பார்த்துக்கொண்டார். அதன் பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. பிறகு பிறந்த மகளுக்கு இப்போது பத்து வயது. இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட அவர் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. அவருக்கும் எல்லாம் நினைவிருக்கிறது, தன்னைப் போலவே உள்ளே வைத்துப் பூட்டியிருக்கிறார் என்று அவள் எடுத்துக்கொண்டாள். அந்தக் குடித்தனம் நின்றதே அந்தப் பேசாமையின் மேல்தான்.

மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு இருவரும் கிளம்பினார்கள். அவர் இஸ்திரி போட்ட சட்டையில் மாப்பிள்ளை மாதிரி இருந்தார்.

அரங்கத்துக்குள் நுழைந்ததுமே முதல் வாடை பாப்கார்ன் எண்ணெய். மூன்று நாளாவது திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெய் என்று மூக்கு சொன்னது. லீவு நாளில் வேலை பார்க்க வேண்டாம் என்று மூக்கை அதட்டிவிட்டு உட்கார்ந்தாள்.

திரை விலகியது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். இங்கே எடுத்த எடுப்பிலேயே குரங்கைத்தான் பிடித்தார்கள். ஓடத்துக்கு நாலு சக்கரம், சுற்றிலும் மினுக்கு விளக்கு. ஆறு என்று ஒரு நீலத் துணியை எட்டுப் பேர் இரண்டு பக்கமும் பிடித்து உலுக்கினார்கள். அது எந்தக் காலத்தில் துவைத்த துணியோ, உலுக்கிய வேகத்தில் கிளம்பிய தூசியில் முன்வரிசைக்காரர்கள் வரிசையாகத் தும்மினார்கள். நாவலில் ஒரு பார்வையால் வீட்டையே நடுங்க வைக்கிற மாமனார், இங்கே டோப்பா நழுவ நழுவ இடுப்பை ஆட்டி, "துடுப்புப் போடடி, துடிப்புப் போடடி" என்று மீன்காரிகளோடு பாடினார். கூட்டம் விசிலடித்தது.

"நல்லா இருக்குல்ல?" என்றார் கணவர், அவள் காதோரம் குனிந்து.

"ம்" என்றாள். காசு கொடுத்துச் சூனியம் வைத்துக்கொள்கிறவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறாள். இலவச டிக்கெட்டிலும் அது உண்டு என்று இப்போது தெரிந்தது.

ஓடக்காரனுக்கும் மனைவிக்கும் காதல் பாட்டு வந்தது. குழந்தை பிறந்ததும் தொட்டில் பாட்டு வந்தது. தொட்டில் மேலே இருந்து கம்பியில் இறங்கியது. ஒவ்வொரு பாட்டு முடியும்போதும் அந்த இடம் நெருங்கிக்கொண்டிருந்தது. அதையாவது விட்டுவையுங்கடா என்று மனதுக்குள் கெஞ்சினாள். விளக்கை அணையுங்கள், மழைச் சத்தம் மட்டும் விடுங்கள், அடுத்த காட்சிக்குப் போங்கள், போதும்.

விளக்கு அணைந்தது. மழைச் சத்தம் வந்தது. அப்பாடா என்று அவள் மூச்சு விடுவதற்குள், மேடை நடுவில் ஒரு வெள்ளை வெளிச்சம் விழுந்தது. ஓடக்காரன் மனைவி காலித் தொட்டிலுக்குப் பக்கத்தில் மண்டியிட்டிருந்தாள். மார்பைக் கையால் பொத்திக்கொண்டு, மெதுவாகப் பாட்டெடுத்தாள்.

"பால் வந்துடுச்சு... பால் வந்துடுச்சு... பிள்ளை இல்லைன்னு அதுக்கு யாரும் சொல்லல போல..."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அது நாவலில் இல்லை. எந்த நாவலிலும் இல்லை. அது அவள் சொன்னது. குழந்தை போன மறுநாள் விடியற்காலை, ஆஸ்பத்திரிக் கட்டிலில், மார்பு கல்லாய்க் கட்டிக்கொண்டு, போட்டிருந்த அங்கி நனைந்துபோய், பக்கத்து அறையில் யாரோ பெற்ற பிள்ளை பசிக்கு அழுதுகொண்டிருக்கும்போது, அவள் வாயிலிருந்து தன்னால் வந்த வார்த்தை. அப்போது அந்த அறையில் அவளைத் தவிர இரண்டே பேர்தான். ஜன்னலோரம் கணவர், கதவோரம் நாற்காலியில் தம்பி. அதற்குப் பிறகு அவள் அதை யாரிடமும் சொன்னதில்லை.

மேடையில் அத்தோடு விடவில்லை. ஒரு தடவை மெதுவாகப் பாடினாள். இரண்டாவது தடவை மேளம் சேர்ந்துகொண்டது. மூன்றாவது தடவைக்கு இரண்டு பக்கமிருந்தும் வெள்ளை உடையில் இருபது பெண்கள் ஓடி வந்து, ஜாக்கெட்டுக்குள்ளிருந்து வெள்ளை ரிப்பன்களை உருவி உருவிக் காற்றில் சுழற்றினார்கள். பாலாம். "யாரும் சொல்லல, யாரும் சொல்லல" என்று கோரஸ் போட்டுக்கொண்டு, கால் மாற்றிக் கால் மாற்றி ஆடினார்கள். பின்வரிசையில் யாரோ தாளத்துக்குக் கை தட்டினார்கள். பக்கத்து இருக்கை அம்மா ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறு கையால் பாப்கார்ன் எடுத்தாள்.

அவளுக்குத் தொண்டை வரை வந்துவிட்டது. தன்னுடைய நனைந்த அங்கியைக் கழற்றி எண்ணூறு பேர் நடுவில் கொடி கட்டிக் காயப் போட்ட மாதிரி இருந்தது. முகம் மட்டும் பழக்க தோஷத்தில் அப்படியே நின்றது. இருட்டில் கணவரைப் பார்த்தாள். அவர் அழுதுகொண்டிருந்தார். கன்னத்தில் வழிவதைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டு வருடத்தில் அவர் அழுது அவள் பார்த்தது அன்றுதான். கையை நீட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவரும் இறுக்கிப் பிடித்தார். அந்தக் கண்றாவிக் கூத்துக்கு நடுவே, தெரிந்தவர் நாம் இரண்டு பேர் இருக்கிறோம் என்று அவளுக்கு ஒரு பிடிமானம் கிடைத்தது. மூச்சு கொஞ்சம் சீரானது.

இடைவேளை விட்டதும், "இதோ வந்துடறேன்" என்று எழுந்து தம்பியைத் தேடிப் போனாள். அவன் பக்கவாட்டுக் கதவருகே நாலு பேர் கைகுலுக்கலுக்கு நடுவே வாயெல்லாம் பல்லாக நின்றிருந்தான். அவளைப் பார்த்ததும் பல் மறைந்தது. சுற்றி நின்றவர்களிடம் ஏதோ சொல்லிவிட்டு, அவளைப் படிக்கட்டுக்குக் கீழே அழைத்துப் போனான்.

"யாரு வரிடா அது?"

"உனக்குத் தெரியாதாக்கா?"

"எனக்குத் தெரியும். உனக்குத் தெரியுமான்னு கேக்கறேன்."

அவன் செருப்பைப் பார்த்துக்கொண்டு பேசினான். "நாவல்ல அந்த இடத்துல ஒண்ணுமே இல்லக்கா. வெறும் ஒரு வரி. மேடையில அப்படி விட முடியுமா? பாட்டு இருந்தே ஆகணும்னுட்டாரு டைரக்டர். நானும் எழுதி எழுதிக் கிழிச்சேன். எதை எழுதினாலும் மெத்தை விளம்பரமாவே வந்துச்சு. கடைசில நீ சொன்னதுதான் திரும்பத் திரும்ப மனசுல வந்து நின்னுச்சு."

"அதனால எடுத்துக்கிட்ட."

"அதுல இருந்த உண்மை வேற எதுலயும் இல்லக்கா."

"எரியற வீட்ல புடுங்கின வரைக்கும் லாபம்னு சொல்லுவாங்க. நீ என் வீட்லயே புடுங்கிட்டியேடா. நாளைக்கு அது மேடையில வரக்கூடாது."

"நாளைக்கேவா? எப்படிக்கா முடியும்? அந்தப் பாட்டுக்குத்தான் கூட்டமே வருது." கையைப் பிசைந்தான். பிறகு, கடைசித் துருப்பை எடுக்கிறவன் மாதிரி நிமிர்ந்தான். "நான் கேக்காமப் பண்ணலக்கா. உன்கிட்ட கேக்கத்தான் பயமா இருந்துச்சு. மாமாகிட்ட முன்னாடியே பாடிக் காட்டினேன். முழுப் பாட்டும் கேட்டாரு. 'ரொம்ப நல்லா இருக்கு, அப்படியே வை'ன்னாரு. அவர் சரின்னா நீயும் சரின்னுதானே அர்த்தம்னு நினைச்சேன்."

அவள் திரும்பி நடந்தாள். கூட்டத்தை இடித்துக்கொண்டு வரும்போது காது அடைத்துப்போயிருந்தது. அவர் சம்மதம் கொடுத்தாரா? என் மார்பு கட்டிக்கொண்டதை எடுத்துக் கொடுக்க இவர் யார்? கேட்டே தீருவது என்று வந்தாள்.

அவர் முன்கூடத்தில் ஒரு கடை மேசையருகே நின்றிருந்தார். நாடகத்தின் பெயர் போட்ட சட்டை, குடை, காபிக் கோப்பை என்று ஏதேதோ விற்றார்கள். அவர் கையில் இரண்டு கோப்பைகள். அவளைப் பார்த்ததும் குழந்தை மாதிரி நீட்டினார்.

"உனக்கு ஒண்ணு, பாப்பாவுக்கு ஒண்ணு."

கோப்பையில் நீல எழுத்தில் வளைத்து வளைத்து எழுதியிருந்தது: 'யாரும் சொல்லல போல'. பக்கத்தில் ஒரு சின்னத் தொட்டில் படம்.

அவள் அதை வாங்கவில்லை. "இந்தப் பாட்டை முன்னாடியே கேட்டீங்களா?"

"ஆமா. உன் தம்பி போன்ல பாடிக் காட்டினான். உனக்கு முதல்லயே தெரிஞ்சா சுவாரஸ்யம் போயிடும்னு சொல்லல. வண்டியை ஓரமா நிறுத்திட்டுக் கேட்டேன், தெரியுமா? அப்பவே கண்ணு கலங்கிடுச்சு." கோப்பையைத் திருப்பி அந்த எழுத்தை மறுபடி ஆசையாகப் படித்தார். "நீ அந்த நாவலைத் தலையில தூக்கி வெச்சுக்கிட்டு ஆடும்போதெல்லாம், என்ன பெரிய நாவல்னு நினைச்சிருக்கேன். இப்படி ஒரு வரி எழுதியிருக்கான்னா அவன் சாதாரண ஆளில்ல. இது எத்தனாவது அத்தியாயத்துல வருது?"

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். கள்ளம் இருக்கிறதா என்று தேடினாள். அழுகலை வாசலிலேயே கண்டுபிடிக்கிறவளுக்கு அங்கே எதுவும் கிடைக்கவில்லை. துடைத்து வைத்த பாத்திரம் மாதிரி இருந்தது முகம். மறைக்கவில்லை, நடிக்கவில்லை. அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

மணி அடித்தது. உள்ளே போய் உட்கார்ந்தார்கள். அவர் மறுபடி கையைப் பிடித்துக்கொண்டார். அவள் கை அங்கே கிடந்தது.

பின்பாதியில் என்ன நடந்தது என்று அவளைக் கேட்டால் சொல்லத் தெரியாது. வெள்ளம் வந்தது, நீலத்துணி மறுபடி தூசி கிளப்பியது. அவள் பார்த்துக்கொண்டிருந்தது அந்த அறையை. ஜன்னலோரம் நின்றவர் திரும்பினார், அவளைப் பார்த்தார், "வலிக்குதா? நர்ஸைக் கூப்பிடட்டுமா?" என்றார், போனார். நர்ஸ் வந்தாள். துணியால் மார்பை இறுக்கிக் கட்டினாள். அவ்வளவுதான். அவர் அதை உள்ளே வாங்கிப் பூட்டியிருக்கிறார் என்று அவள் இத்தனை நாள் நினைத்தாளே, அவருக்குள் அது போகவே இல்லை. பூட்டிய அறைக்குள் நகை இருக்கிறது என்று பன்னிரண்டு வருடம் காவல் காத்திருக்கிறாள். உள்ளே வெறும் தரைதான். அந்தப் பேசாமையை மரியாதை என்று நினைத்துத் தலைக்கு மேல் வைத்துக் கும்பிட்டதை நினைத்தால் அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்றும் தோன்றியது. மகள் இருக்கிறாள். நாளைக்கு வேலை இருக்கிறது. வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத மனுஷன். இவரிடம் இதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது?

நாடகம் முடிந்தது. எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள். அவரும் எழுந்து, கோப்பைப் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தட்டினார். பிறகு அவளை இழுக்காத குறையாக மேடைக்குப் பின்பக்கம் அழைத்துப் போனார். அங்கே கழற்றிப் போட்ட டோப்பாக்களும் வியர்வை ஊறிய உடைகளும் ஒரே வாடை. அந்த நெடிக்கு நடுவே தம்பி நின்றிருந்தான். அவள் வருவதைப் பார்த்து ஓர் அடி பின்னால் போனான்.

கணவர் அவனைக் கட்டிக்கொண்டார். "மச்சான், சாதிச்சுட்டப்பா. மத்தப் பாட்டெல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த ஒரு வரியை நாவல்ல இருந்து அப்படியே தொடாம எடுத்துப் போட்ட பாரு, அங்கதான் நீ நிக்கிற. பிள்ளையைப் பறிகொடுத்த பொம்பள மனசு அந்த எழுத்தாளனுக்கு எப்படித் தெரிஞ்சுது? பெத்து இழந்தவங்களுக்குத்தானே தெரியும்?"

தம்பியின் கை அவர் முதுகில் பாதியில் நின்றது. அவரைத் தாண்டி அக்காவைப் பார்த்தான். மாமாவிடம் கேட்டேன் என்று நிமிர்ந்த முகம் தொங்கிப்போனது. யாரிடம், எதைக் கேட்டோம் என்று அவனுக்கு அப்போதுதான் புரிந்தது.

பெத்து இழந்தவங்களுக்கு என்று அவர் சொன்னாரே, யாரோ மூன்றாம் மனிதர்களைச் சொல்வது போல, அதற்கு மேல் அவளால் முடியவில்லை.

"அது நாவல்ல இல்லீங்க" என்றாள். குரல் உயரவில்லை. "நான் சொன்னது."

அவர் சிரித்தார். "நீயா? நீ எப்போ பாட்டெல்லாம் எழுத ஆரம்பிச்ச?"

"எழுதல. சொன்னேன். ஆஸ்பத்திரியில, முதல் பாப்பா போனப்புறம். உங்களைப் பார்த்துத்தான் சொன்னேன்."

அவர் சிரிப்பு உடனே போகவில்லை. அது மெல்ல மெல்ல இறங்கியது. கண் எங்கோ போய்த் தேடியது. நேர்மையாகத்தான் தேடினார், பாவம். பையிலிருந்த கோப்பைகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. தேடிவிட்டு வெறுங்கையோடு திரும்பி வந்தவராக, அவளையே கேட்டார்.

"எப்போ?"

தம்பிதான் பதில் சொன்னான், தரையைப் பார்த்துக்கொண்டு.

"மறுநாள் விடியகாலம் மாமா. நீங்க ஜன்னல்கிட்ட நின்னுட்டு இருந்தீங்க. பக்கத்து ரூம்ல ஒரு குழந்தை அழுதுட்டு இருந்துச்சு. அக்கா துணியெல்லாம் நனைஞ்சிருந்துச்சு. அக்கா சொன்னா. நீங்க நர்ஸைக் கூப்பிடப் போயிட்டீங்க."

ஒரு வார்த்தை தப்பவில்லை. இத்தனை வருடமும் அது பத்திரமாக இருந்த இடம், அதைத் திருடி விற்றவனின் நெஞ்சுதான் என்பது அவளுக்கு எல்லாவற்றையும்விடக் குமட்டலாக இருந்தது.